வாய்க்காலுக்குச் செய்த மெஷின்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பத்தாம் வகுப்போடு நோட்டை மூடியவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் இரும்புத் தகட்டின் மேல் சாக்பீஸால் போட்ட அளவுகள்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பட்டறைக்குப் புதிதாக வந்த ஒருவர், நான் வாய் பேசாதவன் என்று நினைத்துச் சைகையிலேயே விலை கேட்டதுண்டு. நானும் சைகையிலேயே சொல்லி அனுப்பினேன். பேச வேண்டிய ஒரு இடத்தில் அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். படிக்கிறவர்கள் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திண்டிவனத்தில் பைபாஸ் ஓரமாக எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷினும், செடியிலிருந்து காயைப் பிரிக்கிற மெஷினும் செய்கிறேன். சீசன் நேரத்தில் பழுது வேலையும் வரும். இதைத் தவிர வேறு எதையும் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

என் அக்காவை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமா ஒரு கான்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை செய்கிறார். ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. அது ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாகப் போகிற இடத்தில் பாட்டிலும் கவரும் தெர்மாகோலும் வந்து அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள், மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி அதையெல்லாம் கையால் வாரி மேலே கொடுப்பார். இருபது வருஷமாக அவர்தான் இறங்குகிறார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. போன வருஷம் தண்ணீருக்குள் கண்ணாடி கிழித்து, புண் ஆறாமல், இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இனி அந்தக் காலில் அழுக்குத் தண்ணீர் படக் கூடாது, இன்னொரு காயம் பட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மாமாதான் முதலில் பேச்சை எடுத்தார், அதுவும் விளையாட்டாக.

"இன்னா மச்சான், மண்ணுலேர்ந்து மல்லாட்டைய பிரிக்கிற. தண்ணிலேர்ந்து குப்பைய பிரிக்கிறதுக்கு ஒரு மெஷின் பண்ணக் கூடாதா? ஒரு வெரலு போச்சி. மிச்சம் ஒம்போதையாவது காப்பாத்து."

"சும்மா கெட. அவனே பயந்துக்கினு நிக்கிறான்" என்றாள் அக்கா.

"பயப்படட்டும். பயந்தாத்தான் வேல செய்வான்."

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். என்னை அது விடவில்லை. பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேருவதற்குள் டிக்கெட்டின் பின்பக்கம் படம் போட்டுவிட்டேன். மல்லாட்டையை மேலே ஏற்றுகிற சாய்வுப் பெல்ட்டையே தண்ணீரில் இறக்கினால் போதும் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் மும்மூன்று நீல பேரல்களைக் கட்டி மிதக்கவிட வேண்டும். நடுவில் கம்பி வலையால் ஒரு பெல்ட், அதன் அடி முனை தண்ணீருக்குள் ஒரு அடி இறங்கியிருக்கும். அடியில் ஒரு உருளை, மேலே ஒரு உருளை, மேல் உருளையைச் சுற்ற ஒரு பழைய பெட்ரோல் இன்ஜின். கரையில் இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், முன்னால் வருகிற குப்பை பெல்ட்டில் ஏறிப் பின்னால் இருக்கிற கூண்டில் விழும்.

மாமா இதைக் கான்ட்ராக்டரிடம் சொல்லியிருக்கிறார். அவரும், "உன் மச்சான் மெஷின் ஓடுச்சின்னா உன்ன தண்ணில எறக்க மாட்டேன்யா. கரையில நின்னு கயித்த புடி, போதும்" என்று சொல்லிவிட்டார். அக்கா எனக்குப் போன் செய்து இந்த வார்த்தையை அப்படியே இரண்டு தரம் சொன்னாள்.

நான்கு மாதம் ஆனது. பட்டறைக்குப் பக்கத்தில் லாரி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. கூட்டமில்லாத நாட்களில் அதில் மெஷினை இறக்கிப் பார்க்க விட்டார்கள். குப்பைக்கு மாமா விக்கிரவாண்டியில் இறங்கி, ரோட்டோர ஓட்டல்களுக்குப் பின்னால் கிடக்கிற பாட்டில், டீ கப், சாம்பார் கவர் எல்லாவற்றையும் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

"கண்டக்டரு இன்னான்றான் தெரியுமா? ஊரே குப்பைய வெளிய போடுது, நீ ஒருத்தன்தான் டிக்கெட் எடுத்து இட்டுக்கினு வர்றன்றான்."

முதல் தடவை மெஷினை ஓடவிட்டபோது ஒரு கவர்கூட ஏறவில்லை. பெல்ட் வேகமாகச் சுற்றியதால் தண்ணீர் முன்பக்கம் ஒதுங்கி அலை எழும்பியது. அந்த அலையில் குப்பையெல்லாம் மெஷினைக் கண்டு பயந்ததுபோலத் தள்ளித் தள்ளிப் போனது.

"மாப்ள வர்றத பாத்து பொண்ணு ஓடுற மாரி ஓடுது பாரு" என்றார் மாமா.

பெரிய புல்லி மாற்றி வேகத்தைக் குறைத்தேன். அதன் பிறகு ஏறியது. டீ கப்புகள் பாதி வழியில் உருண்டு திரும்பின. வலையில் வரிசையாகக் கம்பிப் பற்கள் வைத்துப் பற்றவைத்தேன். அதற்குப் பிறகு தொட்டியில் கொட்டியது எல்லாம் கூண்டுக்கு வந்தது. மாமா ஒரு பீடியை அணைத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அதுவும் வந்தது. அன்றைக்கு அவர் என் முதுகில் வைத்த அடி சாயங்காலம் வரைக்கும் காந்திக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் பட்டறையிலிருந்து எந்த மெஷினும் சுற்றுகிற உருளைக்குத் தகட்டு மூடி போடாமல் வெளியே போகாது. மண்டகப்பட்டு பக்கத்தில் ஒரு களத்தில் மல்லாட்டை அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் புடவைத் தலைப்பு உருளையில் சிக்கியதை இளவயதில் நான் நேரில் பார்த்தேன். வேறு பட்டறையில் செய்த மெஷின் அது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும். மூடிக்குத் தகட்டுச் செலவு ஆகிறது, வேண்டாம் என்று சொல்கிற விவசாயிகளிடம்கூட நான் பேசாமல் மூடியைப் போட்டே கொடுத்துவிடுவேன்.

வாய்க்கால் மெஷினின் அடி உருளைக்கு நான் மூடி போடவில்லை. தண்ணீருக்குள் சுற்றுகிறது, அங்கே எந்தப் பெண் புடவையோடு வந்து நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

மெஷினை மினி லாரியில் ஏற்றி விழுப்புரம் கொண்டுபோய், ஒரு காலை நேரத்தில் வாய்க்காலில் இறக்கினோம். கான்ட்ராக்டர் வந்திருந்தார். குப்பையை ஏற்றிக்கொண்டு போக ஒரு டிப்பர் வண்டியும், இறக்கிப் போட இரண்டு ஆட்களும் நின்றார்கள். வேடிக்கை பார்க்க முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நான் மெஷின் மேலேயே இன்ஜினுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மாமா காலில் பாலிதீன் கவர் சுற்றி, மேலே செருப்பு போட்டுக்கொண்டு, கரையில் கயிற்றைப் பிடித்தார். அக்கா வேலைக்குப் போகாமல் வந்து, தூரத்தில் ஒரு வேலிக்கருவை நிழலில் நின்றாள்.

அரை மணி நேரம் மெஷின் நன்றாக ஓடியது. பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் ஏறின. முதல் கூண்டு நிரம்பியது. ஜனங்கள் கைதட்டினார்கள். கான்ட்ராக்டர் போனில் படம் எடுத்துக்கொண்டே நடந்து வந்தார்.

"ஏரி பக்கமா கொஞ்சம் மேல இஸ்து பாருங்க" என்று கத்தினார்.

மேலே இழுத்தார்கள். கொஞ்ச தூரத்தில் இன்ஜின் சத்தம் கனத்தது. பெல்ட் இரண்டு தரம் உதறி நின்றுவிட்டது. புல்லியில் மாட்டியிருந்த ரப்பர் பட்டை வழுக்கிக் கருகுகிற நாற்றம் வந்தது. அடியில் மரக்கிளை சிக்கியிருக்கும் என்று நினைத்து நான் குனிந்தேன். அதற்குள் தண்ணீரில் ஒரு சத்தம். மாமா குதித்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. இருபது வருஷமாக அடைப்பு என்றால் அவர்தான் இறங்கியிருக்கிறார், உடம்பு தானாக இறங்கிவிட்டது. செருப்பு கரையில் கிடந்தது. பாலிதீன் கவர் கழன்று தண்ணீர் மேல் மிதந்தது.

வேண்டாம் மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் முன்பக்கம் வந்து, மூச்சை அடக்கி, தோள் வரைக்கும் கையை உருளைக்கு அடியில் விட்டார். இன்ஜின் நிற்கவில்லை, பெல்ட்டை இழுத்துக்கொண்டேதான் இருந்தது. அவர் எதையோ பிடித்து வெடுக்கென்று இழுத்ததும் உருளை விடுபட்டு அரைச் சுற்றுச் சுற்றியது. அவர் கை அதோடு போனது. முகம் போய் இரும்புச் சட்டத்தில் இடித்தது. பெட்ரோல் குழாயை மூடினேன். மூடினாலும் உள்ளே இருக்கிற பெட்ரோல் தீருகிற வரைக்கும் ஓடுமே என்று அப்போதுதான் உறைத்தது. பிளக் ஒயரை வெறுங்கையால் பிடுங்கினேன். தோள் வரைக்கும் சுளீரென்று அடித்தது. இன்ஜின் நின்றது.

மாமா மேலே வந்தார். நெற்றியில் ரத்தம். மணிக்கட்டில் ஏதோ துணி சுற்றியிருந்தது. அதைப் பிரித்துக்கொண்டே போனார். பிரிக்கப் பிரிக்க வந்தது. பச்சையாகப் பாசி பிடித்த, ஓரத்தில் ஜரிகை வைத்த, முழுப் புடவை.

"மச்சான், புடவ டா!" என்று சிரித்தார். "உன் மெஷினு பொம்பள சீலய புடிச்சி இஸ்துக்கினு வருது. அக்காகிட்ட சொல்லிடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்னால் போயிருந்தார்கள். அவர்களுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

மாமா மறுபடி கையை விட்டார். இன்னொரு புடவை வந்தது. ஒரு வேட்டி, ஒரு தலையணை உறை, ஒரு பாவாடை. எல்லாம் தண்ணீருக்கு மேலே தெரியாமல், ஒரு சாண் ஆழத்தில், ஏரிப் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்ந்து வந்துகொண்டிருந்தன. பதினொரு துணி வரைக்கும் நான் எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

அந்த ஏரிக்கரையில்தான் எங்கள் ஜனங்கள் பதினாறாம் நாள் காரியம் செய்கிறார்கள். செத்தவர் உடுத்திய துணியையும், புருஷன் செத்துத் தாலி வாங்கின பெண்ணின் பழைய புடவையையும் அங்கேதான் தண்ணீரில் விடுவார்கள். அக்கா வீட்டில் இருந்தபோது செத்துப்போன என் அப்பாவுக்கும் அங்கேதான் செய்தோம். அம்மாவின் புடவையை என் கையில் கொடுத்து, விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வா என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் அந்தத் துணிகள் எங்கே போகின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தண்ணீரில் என்னென்ன மிதக்கும் என்று நான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அதில் கற்பூர டப்பாகூட இருந்தது. நானே விட்ட புடவை இல்லை.

நான் மெஷின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். மண்டகப்பட்டுக் களத்தில் கேட்ட அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது. இந்த உருளைக்குத்தான் நான் மூடி போடவில்லை.

துணிகளை வாரி டிப்பரில் போடச் சொன்னார் கான்ட்ராக்டர். இரண்டு ஆட்களும் நகரவில்லை.

"அது காரியத்துல வுட்ட துணிங்க சார். அத்த தொட்டுட்டு வூட்டுக்கு எப்டி போறது? எம் பொண்டாட்டி முழுவாம இருக்குறா" என்றார் ஒருவர்.

டிப்பர் ஓட்டுநர் கதவைச் சாத்திக்கொண்டார். "பேஜாருங்க சார் இது. இந்த வண்டிலதான் நான் ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வெக்கிறேன். ஏத்த மாட்டேன்."

"ஏன்யா, குப்பதான?"

"உங்களுக்குக் குப்ப. நீங்க தூக்குங்க பாப்போம்."

கான்ட்ராக்டர் தூக்கவில்லை. ஜனங்களில் ஒருவரும் வரவில்லை. மாமா மார்பளவு தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் திரட்டிக் கரையில் எறிந்தார். பிறகு கரையேறி, நொண்டிக்கொண்டே, தானே வாரி டிப்பரில் போட்டார்.

"செத்தவங்க துணி இன்னா கடிக்கவா போவுது? உசுரோட இருக்கிறவன் போட்ட பாட்டிலுதான் எம் வெரல கடிச்சிது" என்றார்.

ஓட்டுநர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கான்ட்ராக்டருக்குச் சந்தோஷம்தான். தண்ணீருக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதே. என்னிடம் வந்தார். நான் மெஷினை விட்டு இறங்கிக் கரையில் நின்றேன்.

"மெஷின்காரரே, சூப்பரு. துணி சிக்கிச்சின்னா எடுத்து வுட ஒரு ஆளு தண்ணில கூடவே இருந்தா நிக்காம ஓடும்ல?"

"ஒரு மூடி போட்டா..." என்றேன்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மழ வந்துடும். மெஷின மேல ஏத்தி எறக்க நேரமில்ல. ஆளு இருந்தா ஓடுமா, ஓடாதா? அத்த மட்டும் சொல்லுங்க, ஜல்தி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூடி போடாமல் ஓட்டக் கூடாது, பத்து நாள் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஏழு வார்த்தை போதும். இன்றைக்கும் அந்த வார்த்தைகளை வரிசையாக என்னால் சொல்ல முடியும்.

"ஓடும்ங்க" என்றேன்.

கான்ட்ராக்டர் மாமா பக்கம் திரும்பினார்.

"அப்ப சரி. இவனுங்க ஒருத்தனும் அந்தத் துணிய தொட மாட்டானுங்க. யோவ், நீயே மெஷினுக்கு இருந்துக்கோ. நாளைலேர்ந்து தினிக்கும் ஓட்றோம். மழ முடியிற வரைக்கும்."

முன்னால் வருஷத்துக்கு ஒரு வாரம், பத்து நாள். இனி தினமும். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார்" என்றார்.

அக்கா தூரத்தில் நின்றதால் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை. கைதட்டலை மட்டும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் எனக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். வெந்நீர் வைத்து மாமா காலைக் கழுவினாள். பாதத்தில் ஒரு கீறல் இருந்தது. சின்னதுதான். மஞ்சள் வைத்தாள்.

"இன்னிக்கி எறங்குனதோட சரி. நாளைலேர்ந்து கயிறுதான, இன்னாடா தம்பி? கான்ட்ராக்டரு சொன்னாருல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

நான் தட்டைப் பார்த்தேன்.

"கயிறு இன்னா கயிறு" என்றார் மாமா. "எனக்கு ப்ரமோஷன் குத்துட்டாங்கடி. மெஷின் ஆபரேட்டரு. உன் தம்பி சிபாரிசு."

"மெஷின் மேல குந்திக்கினு போற வேலையா?"

"மெஷினு முன்னாடி போற வேல."

அக்காவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் காலைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். களி ஆறிக் கட்டியாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமா தண்ணீரில் இறங்கினார். நான் பட்டறையைத் திறந்து, கெடார் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு மெஷினுக்கு பேரிங் மாற்றினேன்.